ராகத்துக்கு எவ்வளவு நேரம்? ஒலிப்பதிவில் மதுரைக் கலைஞர்கள்

வையைப் பெருக்கையும் பரங்குன்றத்து முருகனையும் பாடும் பரிபாடல் பாட்டுகளின் அடியில் மூன்று செய்திகள் குறிக்கப்பட்டிருக்கும். இயற்றிய புலவர் யார், இசை வகுத்தவர் யார், பண் எது. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண்ணின் பெயர்கள் தெரிகின்றன. பெட்டனாகனார், நன்னாகனார், கண்ணனாகனார் என்று இசை வகுத்தவர்களின் பெயர்களும் தெரிகின்றன. அவர்கள் என்ன பாடினார்கள் என்பதற்கு ஒரு சுவடும் இல்லை. மதுரை இசை வரலாற்றின் மிகப் பெரும்பகுதி இப்படித்தான் நம்மிடம் வந்திருக்கிறது. பெயர் இருக்கும், ஒலி இருக்காது. ஒலி நம் காதுக்கு எட்டத் தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகளே ஆகின்றன.

1926இல், மதுரை அனுமந்தராயன் கோயில் தெருவில் வளர்ந்த பத்து வயதுச் சிறுமி பாடிய இசைத்தட்டு ஒன்று வெளிவந்தது. வீணை வாசித்தவர் சிறுமியின் தாயார் சண்முகவடிவு. 'மரகத வடிவும்' என்ற அந்தப் பாட்டில் எம். எஸ். சுப்புலட்சுமியின் குரல் நம்ப முடியாத உயரத்தில் நிற்கிறது. பயிற்சி முடியாத குழந்தைக் குரல்தான். ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அதில் தயக்கம் இல்லை. நான் அதைக் கேட்கும்போதெல்லாம் பாட்டைவிட வேறொன்று மனத்தில் நிற்கிறது: அந்தத் தட்டில் ராகத்துக்கு இடமே கிடையாது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். அதற்குள் பாட்டைத் தொடங்கி முடித்தாக வேண்டும். ராகம் பாட விரும்பினால் பாட்டைக் குறைக்க வேண்டும். பாட்டு முழுதாக வேண்டுமென்றால் ராகத்தை விட்டுவிட வேண்டும்.

ராக ஆலாபனைக்குச் சாகித்தியம் இல்லை, தாளம் இல்லை, முன்கூட்டி எழுதி வைத்த வடிவமும் இல்லை. பாடகரிடம் இருப்பவை ராகமும் நேரமும் மட்டுமே. ஆகவே ஆலாபனையின் ஒலிப்பதிவைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கருவி இவருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தது என்பதே. இன்று மதுரை மணி ஐயர் என்றும் சுப்புலட்சுமி என்றும் சோமு என்றும் நம் மனத்தில் இருக்கும் உருவங்களில் ஒரு பங்கு அவர்களுடைய இசையால் ஆனது. இன்னொரு பங்கு தட்டும் நாடாவும் படச்சுருளும் அவர்களுக்கு அளந்து கொடுத்த நிமிடங்களால் ஆனது. இவை இரண்டையும் பிரித்துக் கேட்க முடியுமா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் முயற்சி.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மேற்கத்திய இசையில் ஆலாபனைக்கு மனத்தளவில் நெருங்கிய உறவு ராப்சடி என்ற வடிவம். கட்டுக்கோப்பான சொனாட்டாவின் விதிகளுக்கு ஆட்படாமல், ஒரு மனநிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தன்போக்கில் தாவும் இசை அது. ஃபிரான்ஸ் லிஸ்ட் எழுதிய 19 ஹங்கேரிய ராப்சடிகள் ரோமா வாத்தியக் குழுக்கள் கையோடு கற்பனை செய்து வாசித்ததைக் கேட்டுப் பியானோவுக்கு எழுதப்பட்டவை. முதலில் சவுக்கமாக, ஏக்கத்தோடு ஒரு பகுதி. பிறகு துரிதமாக ஓடும் ஒரு பகுதி. ஆலாபனையில் தொடங்கித் தானத்துக்கு நகரும் நம் காதுக்கு இந்த வரிசை அந்நியமாகத் தோன்றாது. பெரிய வேறுபாடு, ராப்சடி ஏட்டில் இருக்கிறது என்பது. தட்டில் பாதி போனாலும் ஏட்டில் முழுதாக இருக்கும்.

ஜார்ஜ் கெர்ஷ்வின் 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் ஏயோலியன் அரங்கில் 'ராப்சடி இன் புளூ'வை முதன்முறையாக வாசித்தபோது தனக்கான தனிப் பகுதிகளை முழுமையாக எழுதி வைத்திருக்கவில்லை. அங்கே மனோதர்மம்தான். நடத்துநர் பால் வைட்மன் கெர்ஷ்வினின் தலையசைப்புக்குக் காத்திருந்து குழுவை உள்ளே கொண்டுவந்தார். அதே ஆண்டு ஜூனில் அதை இசைத்தட்டில் பதிந்தார்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் இசையைப் பன்னிரண்டு அங்குலத் தட்டின் இரண்டு பக்கங்களில் அடக்க, சுமார் ஒன்பது நிமிடமாக வெட்டினார்கள். வெட்டியது போக மிஞ்சியதையும் விரைவாக வாசிக்கிறார்கள். அந்தத் தட்டின் துடிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தத் துடிப்பில் எவ்வளவு கெர்ஷ்வினுடையது, எவ்வளவு ஊசி தட்டின் மையத்தை நெருங்குகிறதே என்ற பதற்றம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பத்தாண்டு கழித்து, 1934 நவம்பரில் ரக்மானினவ் தன் பாகனினி ராப்சடியை அரங்கேற்றி, அடுத்த மாதமே ஸ்டோகோவ்ஸ்கியின் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவுடன் பதிந்தார். இம்முறை பல பக்கங்களில் பிரித்து முழுவதையும் பதிந்தார்கள். எழுதப்பட்ட இசையாக இருந்ததால் எந்த இடத்தில் முறிப்பது என்று முன்பே தீர்மானிக்க முடிந்தது. அதிலும் ரக்மானினவின் விரல்களில் ஒரு கண்டிப்பு கேட்கிறது. உருகி நிற்கக்கூடிய இடங்களில் அவர் உருகவில்லை, நகர்கிறார். அந்தக் கண்டிப்பை நான் மணி ஐயரிடமும் கேட்டிருக்கிறேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஆலாபனையை அப்படி முறிக்க முடியாது. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு இதற்குத் தமிழ்நாட்டின் பெரிய சான்று. கோயில் வீதியில் மணிக்கணக்கில் அதே ராகத்தை விரித்த கலைஞர் அவர். தட்டில் அவருடைய தோடி சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் அந்தத் தட்டு ஒரு தலைமுறைப் பாடகர்களுக்கே பாடமாக அமைந்தது. குறுகிய நேரத்தில் அவர் ராகத்தைச் சுருக்கவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். நீண்ட ஆலாபனை ஒன்றின் நடுவிலிருந்து சில நிமிடங்களை எடுத்துக் கொடுத்ததுபோல வாசிக்கிறார். தொடக்கமும் முடிவும் தட்டுக்கு வெளியே இருப்பதாகத் தோன்றும். நேரம் இல்லாதபோது ராகத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு அது ஒரு விடை. மதுரைக் கலைஞர்கள் வேறு வேறு விடைகளைக் கண்டார்கள்.

மணி ஐயர் 1912 அக்டோபர் 25 அன்று மதுரையில் பிறந்தவர். தந்தை ராமசாமி ஐயரின் உடன்பிறந்தவர்தான் புஷ்பவனம் ஐயர். குரலின் வசீகரத்துக்காகவே கொண்டாடப்பட்டு, இளம் வயதில் மறைந்த மேதை. மணி ஐயர் முதலில் ராஜம் பாகவதரிடமும், பிறகு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் நிறுவிய தியாகராஜ சங்கீத வித்யாலயத்திலும் பயின்றார். 1924இல் கச்சேரி மேடை ஏறினார். 1959இல் சங்கீத கலாநிதி ஆனார். இன்று நாம் கேட்கும் மணி ஐயர் பெரும்பாலும் கச்சேரிகளில் பதிந்த நாடாக்களின் மணி ஐயர். அவருடைய இசைக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் அந்தக் காலத்தில் இல்லை என்றே சொல்வேன்.

அவருடைய ஆலாபனையை முதன்முறை கேட்பவருக்கு அது சிறியதாகப் படலாம். மந்திர ஸ்தாயியில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, ஒவ்வொரு ஸ்வரத்திலும் கூடாரமிட்டு, தார ஸ்தாயியைத் தொட்டு இறங்கும் இலக்கண வரிசையை அவர் கட்டாயமாகக் கொள்வதில்லை. முதல் பிடியிலேயே ராகம் யார் என்று தெரிந்துவிடும். காம்போதி என்றால் அந்தக் கணமே காம்போதி. பிறகு சிறு சிறு பிடிகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மௌனம். அந்த மௌனத்தில் தம்புரா கேட்கும். அடுத்த பிடி தம்புராவின் நடுவிலிருந்தே எழும். அவருடைய சுருதி சுத்தத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். சுருதியோடு சேர்வது என்பது ஸ்வரத்தைச் சரியாகப் பிடிப்பது மட்டும் அல்ல, எங்கே பாடாமல் இருப்பது என்று அறிவதும்தான் என்பதை அந்த நாடாக்கள் எனக்குக் கற்பித்தன. இரண்டு பிடிகளுக்கு நடுவே தம்புராவைப் பாடவிடும் பாடகர்கள் குறைவு.

முன்னே சொன்ன கண்டிப்பு இங்கேதான் வருகிறது. ஒரு பிடி அழகாக அமைந்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பப் பாடிக் கைதட்டல் பெறுவது எளிது. மணி ஐயர் அதை ஒரு முறை சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். ஜோன்புரியில் 'எப்போ வருவாரோ' பாடுவதற்கு முன் அவர் தரும் சில நிமிட ராகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஏக்கம் முழுவதும் ராகத்திலேயே வந்துவிடுகிறது. அதில் குழைவு இருக்கிறது, புலம்பல் இல்லை. பாட்டு தொடங்கும்போது சொல்ல வேண்டியதில் பாதி சொல்லி முடிந்திருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மணி ஐயரின் கல்பனாஸ்வரங்கள் புகழ்பெற்றவை. கணக்கு வழக்குகளைத் தூக்கிப் பிடிக்காமல் சர்வலகுவில் ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்வரங்கள். அந்த ஸ்வரங்களைக் கூர்ந்து கேட்டால், அரை மணிக்கு முன் ஆலாபனையில் ஓரிரு விநாடி மட்டும் தலைகாட்டிப் போன பிடிகள் தாளம் பூண்டு திரும்பி வருவது தெரியும். ஆலாபனையில் அவர் விதைத்தவற்றை ஸ்வரத்தில்தான் விரிக்கிறார். ராகம் சிறியதாகப் படுவதன் காரணம் இதுதான்: அவருடைய ராகம் பாட்டு முடியும்வரை முடிவதில்லை. ஆகவே 'மணி ஐயர் ஆலாபனைகள்' என்று ராகத்தை மட்டும் தனியே நறுக்கிச் சுற்றுக்கு விடுவது அவருக்குச் செய்யும் அநீதி. அவருடைய காம்போதியைக் கேட்பதென்றால் ராகம், வயலின், கீர்த்தனை, நிரவல், ஸ்வரம் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். மூன்று நிமிடத் தட்டில் அகப்படாத கலைஞர் அவர். நல்ல வேளையாக அவர் காலத்திலேயே ரசிகர்கள் கைக்கு ஒலிநாடா வந்து சேர்ந்தது.

சுப்புலட்சுமியின் கதை நேர் எதிர்த் திசையில் நடந்தது. தட்டு, திரைப்படம், வானொலி, நீண்ட நேரத் தட்டு, கேசட் என்று இந்தியாவுக்கு வந்த ஒவ்வொரு ஒலிக் கருவியின் முன்னும் அவர் பாடினார். 1945இன் 'மீரா'வும் 1963இல் வெளிவந்த வெங்கடேச சுப்ரபாதத் தட்டும் அவர் குரலைச் சங்கீதம் அறியாத வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தன. அதனாலேயே அவரை ஸ்தோத்திரமும் பஜனும் பாடியவராக மட்டும் நினைத்துக்கொள்ளும் கேட்போர் பெருகினார்கள். அவருடைய சங்கராபரண ஆலாபனை ஒன்றை முழுதாகக் கேட்டவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

அந்த சங்கராபரணத்தில் நான் கேட்பது மதுரை வீட்டின் வீணை. சண்முகவடிவு வைணிகர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். வீணையில் ஒரு தந்தியை மீட்டி, ஒரே மெட்டில் இழுத்து, கமகத்தின் முழு வட்டத்தையும் வாசித்து முடிப்பதற்குள் ஒலி தேய்ந்துவிடும். வீணைக்காரரின் கற்பனை எப்போதும் அந்தத் தேய்வோடு போட்டி போடுகிறது. அதைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்குத் தேயாத குரல் வாய்த்தது. சுப்புலட்சுமி காந்தாரத்தில் கார்வை கொடுத்து நிற்கும்போது, வீணை விட்ட இடத்திலிருந்து அந்த ஒலியைத் தொடர்ந்து எடுத்துச் செல்வதாகத் தோன்றுகிறது. கமகம் எதுவும் பாதியில் விடப்படுவதில்லை. மதுரை சீனிவாச ஐயங்காரிடமும் பின்னர் செம்மங்குடியிடமும் பெற்ற பாடம் அதன் மேல் ஏறிய கட்டடம். அடித்தளம் அனுமந்தராயன் கோயில் தெருவில் போடப்பட்டது என்றே நான் நம்புகிறேன். மதுரை மீனாட்சியின் மேல் சியாமா சாஸ்திரி பாடிய நவரத்னமாலிகைக் கீர்த்தனைகளில் ஒன்றான 'சரோஜதள நேத்ரி'யும் சங்கராபரணமே. அதை அவர் பாடும்போது ராகமும் பாட்டும் ஊரும் ஒன்றுகூடும்.

நேரத்தை அவர் கையாண்ட விதம் தனிச் சிறப்புடையது. 1966 அக்டோபரில் ஐ.நா. சபையிலும் கார்னகி அரங்கிலும் பாடியவர் அவர். வி. வி. சுப்பிரமணியம் வயலின், டி. கே. மூர்த்தி மிருதங்கம், விநாயக்ராம் கடம். தம் இசையை அறியாத கேட்போர் முன், எல்லாவற்றையும் அளந்து பாட வேண்டிய மேடை அது. அத்தகைய மேடைப் பதிவுகளிலும் அவருடைய ஆலாபனை அவசரப்படுவதில்லை. பிடிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறார், ஒவ்வொரு பிடியின் நேரத்தையும் குறைப்பதில்லை. ராஜரத்தினம் நீண்ட ராகத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தார். சுப்புலட்சுமி சிறிய ராகம் ஒன்றை முழுமையாகக் கட்டினார். இரண்டாவதற்கு மேலான திட்டம் வேண்டும். சிலர் அந்தத் திட்டத்தையே ஒரு குறையாகச் சொல்வதுண்டு: ஒத்திகை பார்த்த ராகம், அங்கே மனோதர்மத்தின் ஆபத்து இல்லை என்று. இந்தக் குற்றச்சாட்டில் சிறிது உண்மை உண்டு. ஒரே ராகத்தின் பல பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே வழித்தடம் புலப்படும். எனினும் வழி ஒன்றாக இருந்தாலும் நடை ஒவ்வொரு முறையும் வேறு. நிற்கும் இடங்களின் நீளம் மாறுகிறது, அதோடு ராகத்தின் மனநிலையும் மாறுகிறது. ஆலாபனையில் புதுமை என்பது புதுப் பிடிகளில் மட்டும் இருக்கிறது என்று யார் சொன்னார்கள்?

மதுரை சோமுவுக்கு வந்தால் நேரக் கணக்கே உடைந்து போகிறது. 1919இல் சுவாமிமலையில் பிறந்து, மதுரையில் வளர்ந்து, அந்த ஊரின் பெயரையே தாங்கியவர். குரு சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர். லயத்தில் வல்ல பரம்பரை. அந்தப் பரம்பரையிலிருந்து வந்தவர் தாளமே இல்லாத இடத்தில், ராகத்திலும் விருத்தத்திலும், மக்களைக் கட்டிப் போட்டார் என்பது யோசிக்க வேண்டிய செய்தி. லயம் உடம்பில் ஊறியவருக்குத்தான் அதை முற்றிலும் விட்டுவிட்டு நிற்கும் துணிவு வருமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சோமுவின் நல்ல பதிவுகள் கோயில் திருவிழாக்களில் எடுத்தவை. ஒலிபெருக்கியின் கரகரப்பு, பக்கவாத்தியங்களின் பெருங்கூட்டம், எங்கோ குழந்தையின் அழுகை, நடுவே இந்தக் குரல். முணுமுணுப்பிலிருந்து முழுக்குரலுக்கு அவர் போகும் தூரம் ஒலிவாங்கிக்கு அடங்காமல் சில இடங்களில் ஒலி உடைந்துவிடுகிறது. சுத்தமான ஒலியை எதிர்பார்ப்பவர்கள் இந்த நாடாக்களை நிறுத்திவிடுவார்கள். நான் அந்த உடைவையும் சேர்த்தே கேட்கிறேன். ஒலிவாங்கியின் எல்லையை அவர் மீறிய இடம் அது.

விருத்தத்தைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். ஆலாபனையை வித்துவான்களுக்கும் தேர்ந்த ரசிகர்களுக்கும் உரியதாகக் கருதுவது வழக்கம். ஆனால் மதுரையைச் சுற்றிய சமவெளியில், மேலூர் முதல் உசிலம்பட்டி வரை, சபாவுக்குள் ஒருநாளும் நுழையாதவர்களும் தாளமில்லாத ராக விரிவை நன்றாக அறிந்திருந்தார்கள். நாடக மேடையிலும் கோயில் திருவிழாவிலும் விருத்தம் பாடப்பட்டது. சொற்கள் தமிழாக இருந்ததால் ராகத்தின் அசைவு எதற்காக என்று விளங்கியது. சோமு ஒரு விருத்தத்தை ராகமாலிகையாக எடுத்து, ஒரு சொல்லின் மேல் நின்று மோகனத்தையும், அடுத்த அடியில் வேறொரு ராகத்தையும் விரிக்கும்போது, முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆலாபனை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1972இல் வந்த 'தெய்வம்' படத்தில் அவர் பாடிய மருதமலைப் பாட்டு தமிழ்நாடெங்கும் ஒலித்தது. தர்பாரி கானடாவில் அமைந்த அந்தப் பாட்டு தாளமில்லாத தொகையறாவோடுதான் தொடங்கும். ஒரு நிமிடமும் ஆகாத அந்தத் தொடக்கத்துக்குள் சோமுவின் விடியவிடியக் கச்சேரியின் சாயல் இருக்கிறது. பாட்டை மனப்பாடமாக அறிந்தவர்களில் எத்தனை பேர் அவருடைய ராகம் ஒன்றை நாற்பது நிமிடம் கேட்டிருப்பார்கள் என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு.

1968ஆம் ஆண்டை மதுரை இசையின் திருப்பமாகக் கொள்ளலாம். அந்த ஜூன் 8 அன்று மணி ஐயர் மறைந்தார். ஜூலையில் 'தில்லானா மோகனாம்பாள்' வெளியானது. அந்த ஆண்டின் சங்கீத கலாநிதி விருதைச் சுப்புலட்சுமி பெற்றார், விருது வரலாற்றின் முதல் பெண்ணாக. மதுரையோடு பிணைந்த மூன்று பெயர்கள் ஒரே ஆண்டில் இப்படி மேலெழுந்தன. படத்தில் சிவாஜி கணேசனின் நாகஸ்வரமாக ஒலித்தவர்கள் மதுரையின் எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். 'பூர்வீக சங்கீத உண்மை' என்ற நூலை 1930இல் எழுதி, மேளகர்த்தாக்கள் 72 அல்ல 32 என்று வாதிட்ட மதுரை பொன்னுசாமிப் பிள்ளையின் பேரர்கள். பாட்டனார் ராகத்தின் கணக்கைப் பற்றிச் சண்டை போட்டார். பேரர்கள் அதே ராகங்களைக் கோடிப் பேரின் காதில் ஏற்றினார்கள்.

படத்தில் அவர்கள் வாசித்த 'நகுமோமு' ஆபேரியின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது. காட்சிக்கு வேண்டிய அளவே நேரம். மூன்று நிமிடத் தட்டைவிட இறுக்கமான வேலி. அதற்குள் இரண்டு நாயனங்களும் ஒன்றன் மூச்சை மற்றொன்று வாங்கிக்கொள்வது தெளிவாகக் கேட்கிறது. ஆனால் கோயில் நாகஸ்வரத்தின் ஆலாபனை எப்படி வளரும் என்பதைப் படமும் காட்டவில்லை, பெரும்பாலான தட்டுகளும் காட்டவில்லை. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் சாமி வரும்போது வாசிக்கும் ராகம் வேறு கணக்கில் ஓடுவது. சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. பிறகு ராகம். நாயனக்காரர் ஒரு கட்டம் வாசித்து நிறுத்துவார், தவில் அதை வாங்கிச் சில நிமிடம் பேசும், ஒத்து விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும், ஊர்வலம் சில அடி நகரும். ராகத்தின் அடுத்த கட்டம் வீதியின் இன்னொரு இடத்தில் தொடங்கும். கேட்பவர்களும் மாறியிருப்பார்கள். ஒரு முனையில் நின்றவர் ராகத்தின் ஒரு கட்டத்தையே கேட்பார், கூடவே நடந்தவர் முழுவதையும் கேட்பார்.

மணி ஐயரின் முதல் பிடியிலேயே ராகம் தெரிந்துவிடுவதற்கும் இந்த வீதிக்கும் தொடர்பு உண்டு என்பது என் ஊகம். யார் எப்போது வந்து நின்றாலும் அந்தக் கணத்தில் கேட்கும் பிடி இன்ன ராகம் என்று சொல்லியாக வேண்டும் என்பது வீதி இசையின் தேவை. மண்டபத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாடுபவருக்கு அந்தத் தேவை இல்லை. வீதியில் நாயனத்தைக் கேட்டு வளர்ந்த ஊர்க் குழந்தைகளுக்கு அது இயல்பாகப் படிந்திருக்கலாம். இதற்காக 'மதுரை பாணி' என்று ஒன்றை நிறுவ நான் முயலவில்லை. மணி ஐயர், சுப்புலட்சுமி, சோமு மூவரையும் ஒரே நாளில் கேட்டால் அப்படி ஒரு பாணி இல்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

முத்தையா பாகவதர் மரபிலிருந்தே இதற்கு இன்னொரு சான்று கிடைக்கிறது. அவருடைய பள்ளியிலிருந்து வந்தவர் மணி ஐயர். அவருடைய மற்றொரு சீடர் ராமநாதபுரம் சி. எஸ். சங்கரசிவம், அவரிடம் பயின்றவர் மதுரை டி. என். சேஷகோபாலன். ஒரே ஊற்று. ஆனால் சேஷகோபாலனின் ராகம் தானம் பல்லவிப் பதிவுகளைக் கேட்டால் நேரக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. மணி ஐயர் சொல்லாமல் விட்ட இடங்களிலெல்லாம் சேஷகோபாலன் இறங்கிப் பார்க்கிறார். ஒரு ஸ்வரத்தை மையமாக வைத்து அதைச் சுற்றி எத்தனை வழி உண்டோ அத்தனையும் போய் வருகிறார். மூன்று ஸ்தாயிகளிலும் பிருகாக்கள் பறக்கின்றன. 2006இல் சங்கீத கலாநிதி பெற்ற அவருடைய உச்சகாலம் கேசட்டின் காலத்தோடு ஒன்றியது. அரை மணியோ முக்கால் மணியோ ஓடும் பக்கம் கையிலிருந்ததால் ஒரு ராகம் முறியாமல் பதிய முடிந்தது. எல்லா இடத்திலும் அந்தத் தேடல் எனக்கு ஒப்புவதில்லை. சில பதிவுகளில் ராகத்தின் முகம் வழிகளின் பெருக்கத்தில் சற்று மறைகிறது. தேடிக் கண்டடையும் கணங்களில் அவருக்கு இணை சொல்லக் கடினம்.

இவற்றையெல்லாம் எதை வைத்துக் கேட்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பூல் டேப் விநாடிக்கு ஏழரை அங்குலம், மூன்றேமுக்கால் அங்குலம் என்று வேகங்களில் ஓடும். பதிந்த கருவியும் திரும்ப ஓட்டிய கருவியும் சற்று வேறுபட்டால் சுருதி கூடவோ குறையவோ செய்யும். சுருதி சுத்தத்துக்குப் பேர்போன மணி ஐயரே, பிரதியிலிருந்து பிரதி எடுத்த நாடாக்களில் அரைக் கட்டை ஏறியோ இறங்கியோ ஒலிக்கிறார். சுருதி ஏறினால் வேகமும் ஏறும். அவருடைய மௌனங்கள் சுருங்கிவிடும். அவர் அவசரப்படுகிறார் என்ற தவறான எண்ணம் வந்துவிடும். 78 சுழற்சித் தட்டுகளிலும் இதே சிக்கல். பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுழற்சியில் பதிந்தவை அல்ல. 1926இன் அந்தக் குழந்தைக் குரலின் உண்மையான உயரத்தை முடிவு செய்ய, கூட ஒலிக்கும் வீணையின் இயல்பான நாதத்தைத்தான் துணைக்குக் கொள்ள வேண்டும். நாடாவில் பதிந்துவிட்ட மின்சார ரீங்காரத்தை 50 ஹெர்ட்ஸாகக் கொண்டு வேகத்தைச் சரிபார்க்கும் முறை ஒன்று உண்டு. அக்காலத்து மின்சாரம் நிலையாக இராததால் அதையும் ஓரளவே நம்பலாம். தம்புராவையும் கடத்தையும் காதால் கேட்டுத் தீர்மானிக்கும் அனுபவசாலிகளின் உதவி இல்லாமல் இந்த வேலை நடக்காது.

சென்னையில் 1980இல் தொடங்கிய 'சம்பிரதாயா' போன்ற ஆவணக் காப்பகங்கள் இந்தத் துறையில் முன்னோடியாக உழைத்தவை. இருந்தும் நல்ல நாடாக்கள் பலவும் இன்னும் ரசிகர்களின் வீட்டு அலமாரிகளில்தான் இருக்கின்றன. அசிடேட் நாடா புளித்த வாடை வீசத் தொடங்கினால் அது சிதைகிறது என்று பொருள். மதுரை வெயிலும் ஐப்பசி ஈரமும் மாறி மாறித் தாக்கினால் பூஞ்சை பிடிக்கும். நாடாச் சுருளில் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றன் ஒலியை மற்றொன்றில் பதித்துவிடுவதால், பாடகர் தொடங்கும் முன்பே அவர் குரலின் மெல்லிய எதிரொலி கேட்கும். இவற்றுக்கெல்லாம் இன்று பரிகாரம் இருக்கிறது. ஓட்டும் கருவிகளும் அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருவதால் பரிகாரத்துக்கான அவகாசம்தான் நீளமாக இல்லை.

பிரதி எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கச்சேரி நாடாவைக் கணினியில் ஏற்றும்போது பலர் முதலில் தூக்கி எறிவது சுருதி சேர்க்கும் நேரத்தையும் வயலின்காரரின் ராகத்தையும்தான். இரண்டும் வேண்டும். சுருதி சேர்க்கும் ஒலி இல்லையென்றால் நாடாவின் வேகத்தைச் சரிபார்க்க வழி குறைகிறது. வயலின் ராகம் இல்லையென்றால் பாடகரின் அடுத்த முடிவு ஏன் அப்படி அமைந்தது என்பது புரியாமல் போகும். லால்குடி ஜெயராமன் மணி ஐயருக்கு வாசித்த பதிவுகளில், பாடகர் தொட்டுவிட்டுப் போன ஒரு பிடியை வயலின் எடுத்து நிதானமாக விரிப்பதும், அதைக் கேட்ட மணி ஐயர் கீர்த்தனையின் ஸ்வரத்தில் அங்கேயே போய் நிற்பதும் காதில் விழும். நறுக்கிய பிரதியில் கேட்பவருக்கு அது மணி ஐயருக்குத் தனியே தோன்றிய யோசனையாகவே படும்.